அப்பா ஆவூருக்கு வந்த கிறிஸ்மஸ்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரணில் கிடந்த அட்டைப்பெட்டியை இறக்கிப் பழைய காகித ஸ்டாரை உதறிக்கொண்டிருந்தேன். பெட்டி முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. தும்மலுக்கு நடுவே பெங்களூரிலிருந்து தம்பி குமார் போன் செய்தான்.

"அக்கா, இந்தத் தடவ கிறிஸ்மஸுக்கு ஆவூர் போவமா? அம்மாவையும் கூட்டிக்கிருவோம். அப்பா இருந்தப்ப வருஷா வருஷம் எல்லாருமாப் போவோம்ல, அந்த மாதிரி."

தும்மல் நின்றுவிட்டது. "அப்பா எங்கடா வருஷா வருஷம் வந்தாரு?"

"என்னக்கா நீ? அவரும் சூசை மாமாவும் சேந்துதான கறி வெட்டுவாங்க. எது எலும்பு, எது ஈரல்னு ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டு..."

போனை வைத்துவிட்டு ஸ்டாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்ன அப்பாவை எனக்கும் தெரியும்தான். ஆனால் கிறிஸ்மஸ் என்றதும் எனக்கு முதலில் தெரிகிற அப்பா வேறு. அவர் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். பையை மேலே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து எனக்கு ஒரு கமலா ஆரஞ்சு கொடுக்கிறார். பஸ் கிளம்புகிறது. அவர் ஏறவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேருக்கு இரண்டு அப்பாவா என்று குழப்பமாக இருந்தது.

எங்கள் வீட்டில் குழப்பத்துக்கு எப்போதுமே பஞ்சமில்லை. அப்பாவுக்கு அரிமளம். கரண்டாபீஸில் லைன்மேன். சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா குத்தியிருக்கும் இடத்தில் டெஸ்டர் குத்தியிருப்பார்; அவருடைய கல்யாணப் போட்டோவில்கூட அது இருக்கிறது. அம்மாவுக்கு ஆவூர். அரிமளம் பக்கம் டீச்சராக வேலைக்கு வந்தவள். வாடகை வீட்டில் மீட்டர் ஓடவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போய், மீட்டர் பார்க்க வந்தவரையே கட்டிக்கொண்டாள். ரிஜிஸ்தர் கல்யாணம்.

எனக்கு அரிமளத்தில் பேர் செல்வி. ஆவூரில் மேரி. அரிமளத்தில் சாமி கும்பிடப் போகும் இடத்துக்கும் கோயில் என்றுதான் பேர், ஆவூரில் மாதா இருக்கும் இடத்துக்கும் கோயில் என்றுதான் பேர். அங்கேயும் பூசை, இங்கேயும் பூசை. அங்கேயும் தேர் ஓடும், இங்கேயும் ஓடும். இதில் ஒரு சின்னப் பிள்ளை எதை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கும் சொல்லுங்கள். ஒருமுறை நெற்றி நிறையத் திருநீறோடு ஆவூரில் போய் இறங்கினேன். அம்மாவின் அண்ணன் சூசை மாமாவின் மனைவி லூர்து அத்தை ஓடிவந்து முந்தானையால் துடைத்துவிட்டு, "அங்கிட்டுப் போனதும் பூசிக்கிருவியாம் தாயி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வா என்பதுபோலத்தான் சொன்னாள்.

தீபாவளி, பொங்கலெல்லாம் அரிமளத்தில். கிறிஸ்மஸ் மட்டும் ஆவூரில், மாமா வீட்டில். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, குமார் பிறந்த பிறகு அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறுவாள். நார்த்தாமலைப் பாறைகள் ஜன்னலில் வந்து போகும். கீரனூரில் இறங்கி இன்னொரு பஸ். அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டால், "கரண்டாபீஸ்ல டூட்டி" என்பாள் அம்மா. நான் அதை அப்படியே நம்பினேன். ஊர் ஊராக இத்தனை ஸ்டார் எரிய வேண்டுமே, யாராவது ஒருவர் இருந்து கரண்டு அனுப்ப வேண்டாமா? அந்த ஒருவர் என் அப்பா. ஆவூரில் மற்றப் பிள்ளைகளிடம், "இதெல்லாம் எங்கப்பா அனுப்புற கரண்டு" என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். அவர்களும் நம்பினார்கள்.

விஷயம் அது இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கோயிலில் வைத்து நடக்காத கல்யாணத்தைச் சூசை மாமா ஏற்றுக்கொள்ளவில்லை. நான் பிறந்த பிறகு, "புள்ளயத் தூக்கிக்கிட்டு நீ வா. அந்த ஆளு வேணாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா வந்தாள். அப்பா பஸ் ஏற்றிவிட்டார். இரண்டு பேரும் இதைப்பற்றி ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

நான் நாலாவது படித்த வருஷம் வழக்கம்போலப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அப்பா பையை மேலே வைத்தார், ஆரஞ்சைக் கொடுத்தார், இறங்கத் திரும்பினார். அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க."

"என்னது?"

"உக்காருங்கன்னேன். இல்லன்னா நாங்களும் எறங்கிர்றோம்."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர், "சார், ஏறுறதுன்னா ஏறுங்க, எறங்குறதுன்னா எறங்குங்க" என்றார். அப்பா உட்கார்ந்தார். அன்றைக்கு அம்மாவுக்கு என்ன தோன்றியது? அந்த வருஷம் மட்டும் ஏன்? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "அதையெல்லாம் இப்ப எதுக்கு நோண்டுற" என்பாள். வழி நெடுக எனக்கு ஒரே கவலைதான்: இவரும் வந்துவிட்டால் ஆவூருக்குக் கரண்டு யார் அனுப்புவது?

நாங்கள் போனபோது மாமா வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, மூங்கில் கழியில் ஸ்டாரைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வந்தவரையும் பார்த்தார். மெதுவாக இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார். அத்தைதான் ஓடிவந்தாள். "வாங்கண்ணே, வாங்க" என்று சொல்கிறாள், ஆனால் கண் உள்ளே போனவர் பக்கமே இருக்கிறது.

"இல்ல தங்கச்சி, அடுத்த பஸ்ல கெளம்பிருவேன்" என்றார் அப்பா.

"அடுத்த பஸ்ஸு நாளைக்குத்தான்" என்றாள் அம்மா. அது சுத்தப் பொய். எனக்கே தெரியும்.

அத்தை ஓர் இரும்பு நாற்காலியைக் கொண்டுவந்து முருங்கை மரத்தடியில் போட்டாள். அப்பா செருப்பை வாசற்படிக்கு வெளியே கழற்றிவிட்டு அதில் போய் உட்கார்ந்தார். விருந்தாளியும் இல்லை, வீட்டு ஆளும் இல்லை. பேங்கில் டோக்கன் வாங்கியவர்போல இருந்தார். காப்பி வந்தது. குடித்தார். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படிக்குப் போய் மாவு பிசைய ஆரம்பித்தவள் வெளியே வரவே இல்லை.

பொழுது சாய்ந்தது. அத்தை வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். தெருவில் ஒவ்வொரு வீடாக ஸ்டார் எரிய ஆரம்பித்தது. மாமா வீட்டு ஸ்டார் மட்டும் எரியவில்லை. மாமா வெளியே வந்து பல்பை மாற்றிப் பார்த்தார், வயரை ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏ மேரி. அந்த ஆளு கரண்டாபீஸ்தான? வயரப் பாக்கச் சொல்லு."

அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை, நான் வந்து சொல்வதற்காகக் காத்திருந்தார். எனக்கோ பெரிய சிக்கல். அப்பாவிடம் போய் "அந்த ஆளு" என்று எப்படிச் சொல்வது? அந்தத் தெருவில் தங்கச்சி புருஷனை எல்லோரும் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று யோசித்து, அதையே போட்டுச் சொன்னேன்.

"அப்பா, மாப்ளைய வயரப் பாக்கச் சொல்லி மாமா சொல்றாரு."

மாமாவின் கை வயரிலேயே நின்றது. மறுத்துச் சொல்வாரோ என்று பார்த்தேன். வயரை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். டெஸ்டரை எடுத்தார்.

"மச்சான மெயின ஆஃப் பண்ணச் சொல்லு தாயி."

நான் திரும்புவதற்குள் மாமா உள்ளே போய் மெயினை ஆஃப் செய்துவிட்டார். வீடு இருட்டானது. அங்கிருந்தே, "சன்னல் பக்கத்துல ஒரு ஜாயிண்ட் இருக்கும், அதப் பாக்கச் சொல்லு" என்றார். நான் வெளியே ஓடி, "சன்னல் பக்கம் ஜாயிண்டாம்பா" என்றேன். "டேப் இருக்கான்னு கேளு" என்றார் அப்பா. உள்ளே ஓடினேன். "அலமாரியில இருக்குன்னு சொல்லு." வெளியே ஓடினேன். "அலமாரியில இருந்தா எடுத்துத் தரணும்ல" என்றார் அப்பா. இப்படி எத்தனை தடவை ஓடினேனோ. கடைசியில் அப்பா ஸ்டூலில் ஏறி நின்று ஜாயிண்டைப் பிரித்து முறுக்கிக்கொண்டே, "இன்னும் போட வேணாம், டேப் சுத்திக்கிறேன்னு சொல்லு" என்றார்.

நான் உள்ளே போனேன். மாமா இருட்டில் மெயினில் கை வைத்தபடி நின்றிருந்தார். அப்போது பார்த்துத் தெருவில் வெடி வைத்திருந்த பையன்கள், "போடு! போடுடா!" என்று கத்தினார்கள். யார் சொன்னது என்று மாமா பார்க்கவில்லை. போட்டுவிட்டார்.

வெளியே ஸ்டூல் சாயும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா கோலத்தின் மேல் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே ஸ்டார் ஜம்மென்று எரிகிறது. என்னைத் தள்ளிக்கொண்டு மாமா பாய்ந்தார்.

"மாப்ள! மாப்ள! ஏ லூர்து, தண்ணி கொண்டா! மாப்ள, என்னயப் பாருங்க!"

"ஒண்ணுமில்ல மச்சான். பதறாதீங்க. மெயின ஆஃப் பண்ணிட்டீங்களா?"

பண்ணவில்லை. மாமா மறுபடி உள்ளே ஓடினார். திரும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்துப் பரபரவென்று தேய்த்தார். தேய்த்துக்கொண்டே திட்டினார். "ஈரத் தரையில நின்ன வெறுங்காலோட ஸ்டூல்ல ஏறுனா? இதத்தான் ஒங்க ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"மொதமொதல்ல வந்த வீட்டுல செருப்போட நிக்கச் சொல்றீங்களா மச்சான்?"

அம்மா மாவுக் கையோடு வந்து நின்று அழுதாள். அத்தையும் அழுதாள். அடியும் படவில்லை, காயமும் இல்லை, இவர்கள் ஏன் அழுகிறார்கள்? கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அதுவும் ஏன் என்று புரியவில்லை. நான் சொல்லாமல் விட்ட சேதி ஒன்று பாக்கி இருந்தது. பொறுப்பாக மாமாவிடம் போய், "மாமா, இன்னும் போட வேணாம்னு அப்பா சொல்லச் சொன்னாரு" என்றேன்.

மறுநாள் அப்பாவுக்கும் மாமாவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டார்கள். இனி நான் நடுவில் நின்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து அப்பா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வந்தார். அப்போது குமார் கைப்பிள்ளை. அவன் நினைவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவனுக்கு அப்பா எப்போதும் வந்தவர்.

அப்படித்தான் நான் கணக்குப் போட்டுத் தெளிந்தேன். ஆனால் தெளிவு ரொம்ப நேரம் நிற்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னதற்கு, "ஷாக்கா? ஒங்கப்பாவுக்கா? அவரு லைன்மேன்டி. ஸ்டூலு கால் ஆடுச்சு, விழுந்தாரு, அம்புட்டுத்தான்" என்றாள். இப்போது திருச்சியில் மகள் வீட்டில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்து, மாமா மாப்ள என்று முதலில் கூப்பிட்டது அன்றைக்குத்தானே என்று கேட்டேன். "இல்ல மேரி. அது அதுக்கு முந்தின வருஷம் ஒங்க அரிமளத்துத் தாத்தா செத்த துட்டியப்ப. ரெண்டு பேரும் சுடுகாட்டுல பேசிக்கிட்டாகளாம்" என்றாள். அப்படியானால் பேசிக்கொண்ட பிறகும் ஏன் "அந்த ஆளு"? எதற்கு என்னை அப்படி ஓடவிட்டார்கள்? நான் அந்த வார்த்தையை மாற்றிச் சொன்னதால்தான் எல்லாம் நடந்தது என்று இத்தனை வருஷம் உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தேன். அதையும் இப்போது எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடிய இரண்டு பேரும் இல்லை. அப்பா போன மறுவருஷமே மாமாவும் போய்விட்டார்.

கிறிஸ்மஸ் அன்று காலையில் குமார் கார் ஓட்ட, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆவூர் போனோம். கோயிலில் நல்ல கூட்டம். மாதா முன்னால் அம்மா வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். பூசை முடிந்து வெளியே வந்தோம். பேன்ட் போட்ட பையன்கள், லீவுக்கு வந்த குடும்பங்கள், புதுச்சேலைகள். ஒருவருக்கொருவர் "ஹேப்பி கிறிஸ்மஸ்" சொல்லிவிட்டு அவரவர் சந்துக்குள் கலைந்து போனார்கள். சந்து தோறும் குக்கர் விசில். மாமா பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டுக் கதவில் பூட்டு, முற்றத்தில் முழங்கால் உயரத்துக்குச் செடி. கொஞ்ச நேரத்தில் கோயில் வாசலில் நாங்கள் மூன்று பேரும் காரும்தான் இருந்தோம்.

"எங்கக்கா சாப்பிடுறது?" என்றான் குமார்.

இந்தக் கேள்வியை ஆவூரில் யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீரனூரில் ஓர் ஓட்டலில் இலை போட்டார்கள். மட்டன் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். "இன்னைக்கு மட்டன் போடலங்கம்மா. பண்டிகை நாளுல்ல, எல்லாரும் வீட்டுலதான சாப்பிடுவாங்க" என்றார் பரிமாறியவர்.

"சரிதான்" என்றாள் அம்மா. "சாம்பாரே ஊத்துங்க."