எழுபதாரின் கார்

எழுபதார் என்றால் அந்தச் சாலையில் தெரியாத ஆள் கிடையாது. டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே அவருடைய கடை. ஒரு கார் உள்ளே நுழைந்துவிட்டால் மனிதர்கள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். கார் ஒயரிங் வேலை. எந்த வண்டியையும் எழுபதுக்கு மேல் ஓட்டமாட்டார் என்பதால் லாரிக்காரர்கள் வைத்த பேர் அது.

"எழுபதார் வண்டி எடுக்கிறார்ப்பா, நடந்து போறவங்கல்லாம் முந்திக்கோங்க!" என்று டயர் கடைக்காரர் கத்துவார். இவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

காலமெல்லாம் டாஷ்போர்டுக்கு அடியில் குந்தி உட்கார்ந்ததில் வலது முழங்கால் வீணாய்ப் போனது. ஆக்சிலேட்டரில் கால் வைத்து நெடுந்தூரம் ஓட்ட முடியவில்லை. அதனால் தன் பழைய காருக்குத் தானே க்ரூஸ் கன்ட்ரோல் பொருத்தினார். அதோடு பிறக்காத வண்டிக்கு வெளியே வாங்கி மாட்டுகிற சாமான் அது. ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்துப் பிடிக்க ஒரு டப்பா, சக்கரத்தின் வேகத்தை அறிய ஒரு காந்தம், ஸ்டியரிங் ஓரம் சில பட்டன்கள். எழுபதில் பட்டனை அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிடலாம். வண்டி அதே வேகத்தில் போகும். பிரேக்கைத் தொட்டால் பிடியை விட்டுவிடும்.

மாட்டுவது ஒரு பொழுது, மாட்டியதைச் சரியாக்குவது ஒன்பது பொழுது என்பார். அவர் கைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த இணைப்பிலும் ஒயரை ஒரு சுருள் அதிகமாக விட்டுக் கட்டுவார். "நாளைக்குத் திறக்கிறவன் நம்மளத் திட்டக்கூடாது."

அவர் செத்தது ஒரு வாடிக்கைக்காரரின் காரில். தலை டாஷ்போர்டுக்குள் இருந்தது, கால்கள் வெளியே நீட்டியிருந்தன. கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் வெகுநேரம் அந்தக் கால்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

மகள் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அழுத்தமானி, வெப்பமானி ஏதாவது பொய் சொன்னால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். செய்தி கேட்டு வந்தவள் விடுப்பை நீட்டித்துக்கொண்டு அம்மாவோடு தங்கினாள். வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவருடைய நீலச் சட்டை, பையில் ஃபியூஸ்களோடு, தொங்கியது. அம்மா அதைத் துவைக்க விடவில்லை.

அம்மாவுக்குக் கண் பரிசோதனை இருந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு மகள் அப்பாவின் காரை எடுத்தாள். அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் தன் காரில் பின்னால் வந்தான். அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டு அப்படியே தன் ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

எழுபதில் பட்டனை அழுத்தினாள். கல்குவாரி வளைவு வந்தது. எதிரே ஒரு டிப்பர் லாரி. அவள் எதையும் தொடவில்லை. வண்டி தானாகப் பிடியை விட்டு, மூச்சை வெளியே விடுவதுபோல் மெதுவானது. பாலத்தருகே மறுபடியும் அப்படியே.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் பொரிந்தான். "என்னடி ஓட்டுற? சும்மா சும்மா பிரேக் லைட் எரியுது. பின்னால வர்றவன் சாகணுமா?"

"நான் பிரேக்கைத் தொடவே இல்லண்ணா."

"அப்ப பேய் தொட்டுச்சா?"

அம்மா கைப்பையை மூடினாள். "உங்கப்பாதான். நான் வாயத் திறக்கிறதுக்குள்ள மெதுவாக்கிடுவார். எப்பவுமே அப்படித்தான்."

பிறகு அண்ணன் தங்கையைத் தனியே அழைத்தான். "இது சரியில்ல. வண்டியை வித்துடுவோம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றார்."

தாழ்ந்த குரலில்தான் சொன்னான். அம்மாவின் காது கூர்மை. "அவரோட சேத்து விக்கப் போறியா?"

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களாண்ணா? எங்கயோ ஒயர் கோளாறு. நான் கண்டுபிடிச்சுடறேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடி. இல்லன்னா வண்டி போயிடும்."

திரும்பும் வழியில் அம்மா கேட்டாள். "கண்டுபிடிச்சா சரி பண்ணிடுவியா?"

"பண்ணித்தானேம்மா ஆகணும்?"

"அப்ப கண்டுபிடிக்காதே."

மகள் தேடினாள். தேடாவிட்டால் கார் போய்விடும். தேடிக் கிடைத்தால் அம்மாவுக்கு அவர் போய்விடுவார். அதை யோசிக்காமல் இருக்கத்தான் வேலையில் இறங்கினாள். பிரேக் பெடலின் சுவிட்சைப் பார்த்தாள். சுத்தம். காந்தம் அசையவில்லை. டப்பாவுக்குப் போகும் குழாயில் கசிவு இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் அந்த ஒரு சுருள் ஒயர். விரலால் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

தனியாக ஓட்டிப் பார்த்தாள். கல்குவாரி வளைவில் முள் எழுபதை விட்டு இம்மியும் அசையவில்லை. திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஓட்டினாள். எதிரே லாரி வருகிற நேரமாகப் பார்த்தும் ஓட்டினாள். வண்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி எதற்கும் அசராமல் போனது. பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கக் கழுத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காய்கறி வாங்கும் சாக்கில் அம்மாவை ஏற்றினாள். அதே வளைவு. வண்டி மெதுவானது.

"பார்த்தியா?" என்றாள் அம்மா. குரலில் வெற்றி இல்லை. வீட்டுக்கு வந்த ஆளைக் காட்டுவதுபோல் சொன்னாள்.

பொய் சொல்லாத கருவி இல்லை, காரணமில்லாமல் பொய் சொல்லும் கருவியும் இல்லை என்று வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்கிறவள் அவள். வீட்டுக்கு வந்ததும் பிரேக் ஒயரில் ஒரு சின்ன பல்பை இணைத்து, ஸ்டியரிங் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினாள். பிரேக் மிதிபட்டால் அது எரியும். அம்மாவை மறுபடி ஏற்றினாள். வளைவில் பல்பு எரிந்தது. அவள் கால் இரண்டும் பெடல்களை விட்டு விலகியிருந்தன. இந்தக் காருக்குள் யாரோ பிரேக் மிதித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை ஷெட்டில் காரை நிறுத்திவிட்டு, அவர் கிடந்ததுபோலவே தலையை உள்ளே விட்டுக் கிடந்தாள். பிரேக் ஒயரில் ஓரிடத்தில் இன்னொரு ஒயர் வந்து சேர்ந்தது. க்ரூஸ் சாமானோடு வந்த ஒயரிங் படத்தில் அப்படி ஒரு ஒயர் இல்லை. அது கார்ப்பெட்டுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போனது. கார்ப்பெட்டைத் தூக்கினாள்.

அம்மா கால் வைக்கும் இடத்தில் ஒரு தட்டை சுவிட்ச். சில கடைகளில் மிதியடிக்குக் கீழே வைப்பார்களே, ஆள் மிதித்தால் உள்ளே மணியடிக்கும், அது. சும்மா கால் பட்டால் வேலை செய்துவிடாமல் நான்கு ஓரத்திலும் தடித்த ரப்பர் வைத்திருந்தார். ஓங்கி மிதித்தால்தான் அமுங்கும். பின்னால் வருகிறவனுக்கும் தெரியட்டும் என்று பிரேக் லைட்டோடு சேர்த்திருந்தார். முனையில் ஒரு சுருள் ஒயர்.

அம்மா டீயோடு வந்தாள். மகளின் நீட்டிய கால்களைக் கண்டு ஒரு கணம் அப்படியே நின்றாள்.

"நான்தாம்மா. எந்திரிச்சுட்டேன் பாரு."

"என்னடி அது?"

"சுவிட்சு. நீ மிதிச்சா வண்டி வேகத்தை விட்டுடும்."

"நான் எங்க மிதிச்சேன்?"

"பயப்படறப்பல்லாம் மிதிக்கிறம்மா. உனக்கே தெரியாது."

"எனக்கென்ன பயம்? அவர் ஓட்டுறப்ப பயமா இருக்குன்னு ஒரு நாள் சொல்லியிருப்பேனா? சொன்னா மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வரும்."

"நீ சொல்லல. அவர் உன் காலைப் பார்த்திருக்கார்."

அம்மா டீயைக் கொடுக்க மறந்தாள். குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு தன் பாதங்களை, யாருடையவையோ போல.

"அப்ப இத்தனை நாளும் நான்தானா?"

மகள் கார்ப்பெட்டை மறுபடி விரித்துவிட்டாள்.

அன்று மாலையே அண்ணனிடம் ஃபோனில் சொன்னாள். "பழுது இல்லண்ணா. அம்மா கால் வைக்கிற இடத்துல அப்பா வச்ச சுவிட்சு. சரியா இருக்கு. வர்றவரை வரவேண்டாம்னு சொல்லிடு." அவன் "சுவிட்சா? அம்மாவுக்கா?" என்று மட்டும் கேட்டான். மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. கார் வீட்டோடு தங்கியது.

ஆனால் அம்மா ஏற மறுத்தாள். கால் வலி என்றாள், வெயில் என்றாள். மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வரும்வரை ஷெட் பக்கமே வரவில்லை. அன்று ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கைமேல் மடித்துக்கொண்டாள்.

"காலை இறக்கி வைம்மா. மரத்துப் போயிடும்."

"மிதிச்சா அவர் வச்சது தேஞ்சிடும்டி."

மகள் எழுபதில் பட்டனை அழுத்தினாள். கல்குவாரி வளைவில் எதிரே எதுவும் வரவில்லை. வண்டி அதே வேகத்தில் கடந்தது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவு தாண்டிச் சாலை நேரானது. முன்னும் பின்னும் காலி. மெல்ல ஒரு காலை இறக்கினாள். பிறகு மற்றதை. தரையில் வைத்து, தூங்குகிறவரை எழுப்புவதுபோல் அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு முறை அழுத்தினாள். "வரலியே" என்றாள்.

ரப்பர் தடுக்கிறது, இன்னும் ஓங்கி மிதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். மகள் சொல்லவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வேகத்தைக் கூட்டும் பட்டனை விரலால் தட்டினாள். முள் எழுபதைத் தாண்டியது. மறுபடி தட்டினாள். அந்தக் கார் அதுவரை போயிராத வேகம். ஜன்னல் இடுக்கில் காற்று புது விதமாய் ஊளையிட்டது. மறுபடி தட்டினாள். எண்பதைத் தொட்டதும் அம்மாவின் கை கதவைப் பற்றியது.

"ஏய்!"

பாதம் ஓங்கி இறங்கிய சத்தம் கேட்டது.

ஒட்டி வைத்த பல்பு எரிந்தது. இன்ஜின் அடங்கியது. முள் இறங்கத் தொடங்கியது, எழுபதைத் தாண்டி, அறுபதைத் தாண்டி. மகள் இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அதைப் பார்த்திருந்தாள்.

"எழுபதுக்கு மேல போனா அவருக்குப் பிடிக்காதுன்னு தெரியாதா உனக்கு?" என்றாள் அம்மா.

பல்பு அணையவில்லை. அம்மா காலை எடுக்கவில்லை. காலிச் சாலையில், பின்னால் சிவப்பு விளக்கு எரிய, வண்டி மெதுவாகிக்கொண்டே போனது.