அக்கா சுற்றாத தோல்

அந்தக் காகிதத்தை அக்கா என் தட்டுக்குப் பக்கத்தில் வீசிவிட்டுக் கை கழுவப் போனாள். குழாயைத் திருகிய வேகத்தில் சுவர் வரைக்கும் தண்ணீர் தெறித்தது.

"படி," என்றாள் அங்கிருந்தபடியே. "நீதான ரெண்டு பாஷையும் படிச்சவ. அதுல என்ன எழுதியிருக்குன்னு நம்ம பாஷையில சொல்லு."

அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். காகிதத்தில் இருந்த மொழியை யாராவது பேசினால் பாதி புரிந்துகொள்வாள், அச்சடித்துக் கொடுத்தால் தடுமாறுவாள். காகிதத்தின் தலைப்பில் அவள் பெயரும் 'சைக்கிள் மெக்கானிக்' என்ற வார்த்தையும் இருந்தன. அடியில் கையெழுத்துக்குப் புள்ளிக் கோடு. நடுவில் மூன்றே வரிகள்.

"'டாக்டரோட சைக்கிள் ஹேண்டில்பாருக்குத் தோல் டேப் சுத்தினது நான்தான். நான் கவனக்குறைவா சுத்தினதால அது அவுந்து அவர் விழுந்துட்டாரு. இதுல கடைக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது.' இவ்வளவுதான் இருக்கு."

அக்கா ஈரக் கையோடு வந்து என் எதிரில் நின்றாள்.

"முதலாளி என்ன சொல்லிக் குடுத்தாரு தெரியுமா? 'சும்மா வருத்தம் தெரிவிக்கிற லெட்டர்மா, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடு'ன்னாரு. கண்ணை மூடிக்கிட்டுப் போடணுமாம்!"

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள். "போட்டுக் குடுத்துத் தொலையேன்டி. ஒரு கையெழுத்துல கையா தேஞ்சிடப் போகுது?"

"சுத்தினது அவரும்மா. நான் அன்னிக்கு லீவு."

"தெரியும். நீ எத்தனை தடவை சொன்னாலும் உன்னை நம்பப் போறது நாங்க ரெண்டு பேருதான். அந்த வேலை போச்சுன்னா வேற எந்தக் கடையில பொம்பளைய மெக்கானிக்கா வெச்சுக்குவான்?"

"இதுல கையெழுத்துப் போட்டா மட்டும் வெச்சுக்குவானா? 'இவ சுத்தி ஒரு ஆள் விழுந்து கைய உடைச்சுக்கிட்டாரு'ன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும். அப்புறம் பஞ்சர் ஒட்டக்கூட எவனும் வண்டி குடுக்க மாட்டான்."

அம்மா துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள். புதன்கிழமை காலையில் விழுந்த அந்தப் பல் டாக்டர் கடைக்கு வருகிறார், அதற்குள் கையெழுத்து வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்று திங்கள்.

அக்கா அந்தக் கடைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்பு ஏழு வருடம் ஒரு பை தயாரிக்கும் கம்பெனியில் கைப்பிடிகளுக்குத் தோல் வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடியதும் சைக்கிள் கடையில் வண்டி துடைக்கச் சேர்ந்தாள். துடைத்துக்கொண்டே கழற்றப் பழகினாள், கழற்றியதை மாட்டப் பழகினாள். சின்ன ஸ்பேனரைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். அதனால் கடைக்கு வருகிறவர்கள் அவளை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு தடவை அதோடு கல்யாண வீட்டுக்கே போய்விட்டாள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாருக்குத் தோல் டேப் போட வேண்டுமென்றால் வேலை அவளிடம்தான் வரும். ரப்பர் டேப்பை முதலாளியும் சுற்றுவார். தோல் அப்படியில்லை. ஒரே சுருளில் ஓரிடம் நீளும், ஓரிடம் நீளாது. மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்தால் இழுத்த பக்கம் வரும், ஆனால் ஆறு மாதத்தில் தொளதொளத்துவிடும். முதுகுத் தோல் முரடு, ஆனால் நிற்கும். அக்கா கட்டை விரல் நகத்தால் அழுத்தியே எது எது என்று சொல்லிவிடுவாள்.

போன சனிக்கிழமை பல் டாக்டர் வந்து தோல்தான் வேண்டும் என்றார். அக்கா மூன்று சுருள்களை எடுத்துப் போட்டாள். அவர் பளபளப்பாக இருந்ததைத் தொட்டார்.

"அது வேணாம் டாக்டர். மேல பெயின்ட் அடிச்சிருக்கு. வியர்வை பட்டா வழுக்கும்."

"பார்க்க நல்லாருக்கே."

"பார்க்கறதுக்குன்னா வாங்கி வீட்டுல மாட்டிக்கங்க. பிடிக்கறதுக்குன்னா இது." மங்கலாகத் தேன் நிறத்தில் இருந்த மூன்றாவது சுருளை மடித்துக் காட்டினாள். மடிப்பில் வெடிப்பில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஆனால் ஞாயிறு காலை நண்பர்களோடு மலைப்பாதையில் போக வேண்டும், அதற்குள் வண்டி தயாராக வேண்டும் என்றார்.

"முடியாது. தோலை ஈரத் துணியில சுத்தி வெச்சு, இழுத்துச் சுத்தி, ஒரு முழு நாள் காய விடணும். நாளைக்கு எனக்கு லீவு. செவ்வாக்கிழமை வாங்க."

டாக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அக்காவைப் பார்க்கவில்லை. "நீங்க வண்டிய விட்டுட்டுப் போங்க டாக்டர், பார்த்துக்கலாம்," என்றார்.

பார்த்துக்கொண்டார். ஞாயிறு விடிந்ததும் கடையைத் திறந்து, காய்ந்த தோலை அப்படியே எடுத்து, ரப்பர் டேப் சுற்றுவது போலச் சுற்றி, டாக்டரின் தம்பி வந்து கேட்டதும் வண்டியைக் கொடுத்துவிட்டார். மலையிலிருந்து இறங்கும்போது இடது பக்கத் தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது. இடது மணிக்கட்டு உடைந்தது. பல் டாக்டருக்கு மணிக்கட்டு உடைந்தால் பிழைப்பே உடைந்த மாதிரி. அவர் கொதித்துப்போய் முதலாளிக்குப் போன் செய்தபோது, ஒரு நொடிகூட யோசிக்காமல் வாயிலிருந்து வந்த பதில்: "லீவுக்கு முந்தின ராத்திரியே எங்க பொண்ணு சுத்தினது டாக்டர்." இதையெல்லாம் திங்கட்கிழமை காலை அவரே அக்காவிடம் சொன்னார், காகிதத்தையும் நீட்டிக்கொண்டு. தங்கச்சி மாதிரி நினைத்துத்தான் கேட்கிறாராம்.

புதன்கிழமை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். "நீ பேச வேணாம். அவரு அந்தப் பாஷையில ஏதாவது சொன்னா எனக்குச் சொல்லு, போதும்," என்றாள்.

கடையின் பின்பக்கம் வேலை செய்யும் அறை. சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள், மேலே கொக்கிகளில் ஐந்து சைக்கிள்கள். நடுவில் ஸ்டாண்டில் டாக்டரின் வண்டி ஏற்றப்பட்டிருந்தது. வலது பக்கத் தோல் அப்படியே இருந்தது. இடது பக்கம் வெறும் இரும்பு. உருவிய தோல் மேஜைமேல் சுருண்டு கிடந்தது. டாக்டர் கட்டுப் போட்ட கையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. நேராக வண்டியிடம் போனாள். வலது பக்கத்தைத் தடவினாள், இடது பக்கத்துக்குக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஸ்பேனர், உங்களை நான் நம்பினேன்," என்றார் டாக்டர்.

"நான் சுத்தல டாக்டர்."

முதலாளி சிரித்தார். "கோபக்காரப் பொண்ணு, அவசரத்துல சுத்திட்டா, இப்ப ஒத்துக்க மானம் இடம் குடுக்கல. இதைப் பாருங்க." இடது பக்க இரும்பைக் காட்டினார். அதில் மார்க்கர் பேனாவால் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் புள்ளி. "டேப் சுத்தறதுக்கு முன்னாடி இவ போடற குறி இது. நான் போடறதில்ல. கடையில வேற யாரும் போடறதில்ல. கேளுங்க."

"உங்க குறிதானா?" என்றார் டாக்டர்.

"என்னோடதுதான்."

"அப்புறம் என்ன?"

"போன வருஷம் போட்டது. உங்களுக்கு நீல ரப்பர் டேப் சுத்தினேனே, அப்போ."

"எப்பிடி எல்லாம் சமாளிக்கறா பாருங்க!" என்றார் முதலாளி. டாக்டரின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச இரக்கமும் போய்விட்டது. தேதி போடாத அந்த வட்டத்தை நானும் பார்த்தேன். போன வருஷம் போட்டதா, போன வாரம் போட்டதா என்று அதில் தெரியவில்லை.

அக்கா பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பேனாவையும் எடுத்தாள்.

"சரிண்ணே, போடறேன். எந்த இடத்துல கவனக்குறைவுன்னு மட்டும் தெரிஞ்சுக்கறேன். எப்பிடிச் சுத்தியிருக்கணும்? நீங்க ஒரு தடவை சுத்திக் காட்டுங்க." ரப்பர் டேப் ஒன்றைப் பிரித்து நீட்டினாள்.

வாடிக்கையாளர் முன்னால் சொல்லிக்கொடுக்க முதலாளிக்கு எப்போதும் பிடிக்கும். வண்டிக்கு வலது பக்கமாக நின்றபடியே, இடம்கூட மாறாமல், எட்டி இடது பக்கத்தைச் சுற்ற ஆரம்பித்தார். "அடியிலருந்து ஆரம்பிக்கணும். முந்தின சுத்து மேல மூணுல ஒரு பங்கு ஏறணும். இப்பிடி. கைய எடுக்காம." பிரேக் வரைக்கும் வந்து நிறுத்தினார்.

"முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு. கத்துக்க."

"டாக்டர், இங்க வாங்க." அக்காவின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "வலது பக்கத் தோலு எந்தப் பக்கம் சாய்ஞ்சு போகுது? இடது பக்க ரப்பர் எந்தப் பக்கம் சாய்ஞ்சு போகுது?"

டாக்டர் குனிந்து பார்த்தார். "ஒரே பக்கம்."

"இப்ப மேல தொங்கற அஞ்சு வண்டியையும் பாருங்க. அஞ்சும் நான் சுத்தினது. கண்ணாடியில பார்க்கற மாதிரி இருக்கா இல்லையா? இடது கை இடது பக்கம் முறுக்கும், வலது கை வலது பக்கம் முறுக்கும். ரெண்டையும் எதிரும் புதிருமாத்தான் சுத்தணும். அப்பத்தான் பிடிக்கப் பிடிக்க இறுகும். ஒரே பக்கமா நின்னுக்கிட்டு ரெண்டையும் ஒரே மாதிரி சுத்தினா ஒண்ணு இறுகும், ஒண்ணு அவுழும். எது அவுந்துச்சு?"

"அதுக்காக அன்னிக்குத் தோலையும் நான் இப்பிடித்தான் சுத்தினேன்னு யாரு சொன்னா?" என்றார் முதலாளி. வார்த்தை கொஞ்சம் திக்கியது.

அக்கா மேஜைமேல் கிடந்த தோலை எடுத்தாள். வியர்வையில் நனைந்து காய்ந்திருந்த அது சுருள் குலையாமல் இருந்தது. ஒரு நுனியை ரப்பரின் பக்கத்தில் பிடித்தாள். தோலின் ஒவ்வொரு வளையமும் ரப்பரின் வளையத்தோடு ஒட்டிக்கொண்டு அதே பக்கம் சாய்ந்து நின்றது.

"ரப்பருக்கு ஞாபகம் கிடையாது. தோலுக்கு உண்டு," என்றாள்.

முதலாளி துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த கையைத் துடைத்தார். பிறகு அந்த இன்னொரு மொழியில் டாக்டரிடம் ஏதோ சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"'சின்ன விஷயம், நாம ரெண்டு பேரும் தனியாப் பேசி முடிச்சுக்கலாம்'னு சொல்றாரு," என்றேன்.

"சின்ன விஷயமா?" அக்கா காகிதத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள். "இதுல எழுதினதெல்லாம் சரிதான். சுத்தினது சரி, கவனக்குறைவு சரி, அவுந்ததும் சரி, விழுந்ததும் சரி. பேரும் கடைசி வரியும்தான் தப்பு. ரெண்டையும் மாத்திட்டு நீங்க கையெழுத்துப் போடுங்க. கண்ணைத் திறந்துக்கிட்டே போடலாம்."

டாக்டர் எழுந்தார். "மன்னிச்சிருங்கம்மா. நீங்களே புதுசா ஒண்ணு சுத்திக் குடுங்க."

"உங்க மேலயும் எனக்குக் கோபம்தான் டாக்டர். செவ்வாக்கிழமைன்னு சொன்னேன், கேக்கல. விழுந்த பிறகாவது ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?" டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கொண்டையிலிருந்து ஸ்பேனரை உருவினாள். "வண்டிய விட்டுட்டுப் போங்க. உங்க கட்டைப் பிரிக்கறதுக்குள்ள காஞ்சிடும்."

அந்தக் காகிதத்தில் முதலாளி கையெழுத்துப் போடவில்லை. டாக்டரின் கண் முன்னால் நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வைத்தியச் செலவு தன்னுடையது என்று மட்டும் வாயால் சொன்னார். அக்காவிடம் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா கேட்டாள்: "இனிமே அந்த மனுஷன் மூஞ்சியில எப்பிடி முழிப்ப? விட்டுடறியா?"

"நான் ஏன் விடணும்? தப்புப் பண்ணவரு வேணா கடைய விட்டுட்டுப் போகட்டும்."

மறுநாளும் போனாள். தேன் நிறத்தில் வேறொரு முதுகுத் தோலை எடுத்து, ஈரத் துணியில் வைத்து, இரண்டு பக்கமும் சுற்றினாள். இரும்பில் வட்டமும் புள்ளியும் போட்டாள். இப்போதெல்லாம் தேதியும் போடுகிறாள். ஒன்பது வருடமாக அண்ணே என்று கூப்பிட்டவரை அன்றிலிருந்து சார் என்கிறாள். அவர் முதல் நாள் அது யாருக்கோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாராம்.