பெருநாளிலும் நோன்பு

வந்தவர்கள் இரண்டு பேர்: சுபைதாவும் அவள் காக்கா என்று அழைக்கும் அண்ணன் மீராசாகிபும். நோயாளியான அவளுடைய புருஷன் ஆதம்பாவா வரவில்லை. அவர் பள்ளிவாசலில் இருந்தார்.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டொக்டருக்குக் கீழே, மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சராகச் சேர்ந்த புதிது. வெறும் போத்தலோடு மருந்துக்கு நிற்கும் அந்த வரிசை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

"அவருக்குத் தெம்பு மருந்து தாங்க டொக்டர், மெலிஞ்சிட்டார்," என்றாள் சுபைதா.

மீராசாகிபு சிரித்தார். "மெலியாம என்ன செய்யும்? மச்சான் இப்ப அவுலியா மாதிரி. சாமத்தில எழும்பித் தொழுறார். பகலெல்லாம் நோம்பு. வீண் கதை ஒண்டுமில்ல. முந்தி வாய் மூடாத ஆள்!"

இறைநேசர் என்று ஊரே அவரை மெச்சியது.

"எப்ப துவங்கின நோன்பு?" என்றார் டொக்டர்.

"றமழானில. பிறகும் விடல்ல." சுபைதாவின் குரல் தாழ்ந்தது. "ஹஜ்ஜுப் பெருநாளண்டும் தின்னல்ல."

"என்ன புள்ள கதைக்காய்? எனக்குப் பக்கத்திலதானே இருந்தார்!"

"கோப்பையில போட்ட சோறு அப்படியே கிடந்திச்சு, காக்கா. நீங்க போனதும் நான்தான் எடுத்து வெச்சன்."

பெருநாளில் நோன்பு பிடிப்பது ஹறாம், மார்க்கம் தெரிந்த எவரும் செய்யமாட்டார் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் பேனையை வைத்தார்.

"அப்ப அது நோன்பில்ல. ஆளுக்குப் பசியே இல்ல. நித்திரையும் முறியுது. ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க."

மீராசாகிபின் முகம் இருண்டது. "விசர், பைத்தியம் எண்டு பேர் வந்தா அவர்ர மகளுக்கு மாப்பிள்ள கிடைக்குமா?"

"வாப்பா செத்து மையத்தாப் போனா மட்டும் கிடைக்குமா, காக்கா?" என்றாள் சுபைதா.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து ஆதம்பாவா வந்தார். வயலில் விதைப்பது பற்றி, மழையைப் பற்றி டொக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார்.

"தொழுதிட்டு துஆவில என்ன கேக்கிறீங்க?"

அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்தார். "கையேந்துறன். கேக்க ஒண்டும் வருதில்ல டொக்டர். விடியாமப் போனா நல்லம் எண்டு மட்டும் இரிக்கு."

மட்டக்களப்பில் இருந்த மனநோய் டொக்டரிடம் அனுப்பினோம். மாத்திரை மெல்ல மெல்லத்தான் வேலை செய்தது. பிறகொரு காலையில், இருமலுக்கு மருந்து கேட்டு வரிசையில் அவரே நின்றார். வாங்கிய போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, இண்டைக்குக் கிணத்துத் தண்ணி கூடிட்டுப் போல?"

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்குத்தான் கண் கலங்கியது.

அதன் பிறகு யாரையாவது 'நல்லாத் திருந்திட்டார்' என்று ஊர் சொன்னால், அவர் சாப்பிடுகிறாரா, உறங்குகிறாரா, சிரிக்கிறாரா என்று கேட்காமல் நான் விடுவதில்லை.

ஆதம்பாவா நோயில் இருந்த அந்த மாரி மழைக்கு அவருடைய வயல் மட்டும் விதைக்காமல் கிடந்தது. ஒரு போக விளைச்சல் போனது. இழப்பு அதோடு நின்றது.