நம்பர் போன குழல்

இன்று காலை படகு எஞ்சினின் துருவேறிக் கறள்பிடித்த ஆணியை மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். அந்த மணத்தோடு, உப்புக்குளத்தில் இப்போது கடைகள் நிற்கும் இடத்தில் இருந்த பெரியப்பாவின் தகரக் கொட்டில் நினைவுக்கு வந்தது. உயிலங்குளத்து வயல்காரர் பன்றி சுடும் லைசென்ஸ் துவக்குகளை அவர் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட அரத்தாளால் நாள் முழுக்கச் சரசரவென்று கறள் எடுத்து, தேங்காயெண்ணெய் பூசிக் கொடுப்பார்.

"மெல்லமாத் தேயடா, துவக்குக்கென்ன கலியாணமே?" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரம், மெச்சுவார் என்று ஒரு துவக்குக் குழலை இரும்பு அரத்தால் பளபளக்க அராவினேன். அதில் வெட்டியிருந்த நம்பரும் கறளோடு போய்விட்டது. நம்பர் இல்லாவிட்டால் அது களவுத் துவக்கு.

சோதனைக்கு வந்த பொலிஸ்காரரிடம், "நான்தான் ஐயா தேய்ச்சனான்" என்றார் பெரியப்பா. பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

பொலிஸ் கொண்டுபோய் அடைத்த மறியலால் வந்த பிறகு அவர் கொட்டிலைத் திறக்கவேயில்லை. ஏன் அராவினாயென்று அவரே கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நானே சொல்லட்டும் என்று, சாகும்வரை அவரும் காத்திருந்திருப்பார்.