கோலுக்கு எழுந்திருக்காதவன்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்டுவிட்டு யாரும் எனக்கு வேப்பிலை அடிக்கக் கிளம்ப வேண்டாம்.

பாடியில் ஒரு தொழிற்சாலையில் நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மிஷினில் நின்றவன் என் சிநேகிதன். இருவருக்கும் அம்பத்தூரில் ஒரே தெரு. அறுபதுகளின் கடைசியிலிருந்து, சென்ட்ரலுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டேடியத்தில் ஃபுட்பால் என்றால் நாங்கள் அங்கே இருப்போம். காற்று வாங்குகிற லீக் மேட்சாக இருந்தாலும் சரி, கல்கத்தா டீம் வருகிற பெரிய மேட்சாக இருந்தாலும் சரி. சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி, வயிற்றுவலி என்று சொல்லிக் கடைசியில் அந்த மனிதரே, "இன்னிக்கு யாருப்பா வயித்துவலி, நீயா அவனா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கிழக்கு கேலரியில் கொடிக்கம்பத்துக்கு நேர் மேலே எங்கள் இடம். முதலில் போகிறவன் துண்டு போட்டு மற்றவனுக்கு இடம் பிடிக்க வேண்டும். அந்த சிமெண்டுப் படிக்காக நாங்கள் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்போம் என்று கணக்கில்லை. ஒருமுறை சட்டை கிழிகிற அளவுக்குப் போய்விட்டது.

அவனுக்கு இரண்டு கிறுக்கு உண்டு. ஒன்று, மேட்ச் சட்டை. சந்தனக் கலரில் ஓர் அரைக்கைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு போன அன்று எங்கள் டீம் ஜெயித்துவிட்டது, அதிலிருந்து அதற்குத் தண்ணீரே காட்டவில்லை. துவைத்தால் ராசி போய்விடுமாம். வீட்டில் வைத்தால் மனைவி துவைத்துவிடுவாள் என்று தொழிற்சாலையிலேயே ஒளித்து வைத்திருந்தான். மேட்ச் நாளில் ஷிப்டு முடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு, வீட்டுச் சட்டையைப் பையில் சுருட்டிக்கொள்வான். திரும்பும்போது ரயிலில் மாற்றிக்கொள்வான். அந்தச் சட்டையின் வாடை அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இரண்டாவது கிறுக்கு, நம் டீம் கோல் போட்டால் எழுந்திருக்க மாட்டான். ஊரே எழுந்து குதிக்கும், இவன் மட்டும் தொடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான். ஒரு தடவை அவன் குதித்து எழுந்த நேரத்தில் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார். ஆஃப்சைடு, கோல் கிடையாது, அந்த மேட்சும் போச்சு. "நான் எய்ந்ததாலதான் மாமே பூடுச்சி" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான். அதற்கப்புறம், பந்தை நடுவில் வைத்து மறுபடி உதைக்கிற வரைக்கும் அவன் எழுந்ததே இல்லை. கூட்டத்தின் காலுக்கடியிலிருந்து அவன் குரல் மட்டும் வரும்.

"இன்னா மாமே, கோலு நின்னுச்சா?"

"நின்னுச்சு. எய்ந்திரு."

வீட்டிலும் அதே கூத்துதான். ரேடியோவில் வர்ணனை ஓடும்போது அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டான், எழுந்தால் கோல் போய்விடுமாம் என்று அவன் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமாகிச் சில வருஷம்தான். பிள்ளை இல்லை. ஒரு மேட்சுக்காவது தன்னையும் அழைத்துப் போகும்படி கேட்டுக்கொண்டிருந்தாள், அவன் அடுத்த வாட்டி, அடுத்த வாட்டி என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான்.

மெட்ராசுக்கு டி.வி. வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு பெரிய மேட்சைப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. நான் காலையிலேயே வயிற்றுவலியைச் சொல்லிவிட்டு இடம் பிடிக்கப் போனேன். அவன் அரை ஷிப்டு முடித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. எங்களுக்கு நேர் எதிரே பலகை அடித்து அதன் மேல் கேமராவை ஏற்றியிருந்தார்கள். நான் வழக்கம்போல எனக்கு இடது பக்கம் துண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அப்படி ஒரு கூட்டம். படிக்கட்டில் எல்லாம் ஆள். ஆட்டம் ஆரம்பித்தும் அவன் வரவில்லை. எனக்கு ஆத்திரம். ஆனால் அந்தத் துண்டை எடு என்று ஒருத்தனும் கேட்கவில்லை. இடமில்லாமல் அலைகிறவர்கள் எங்கள் வரிசைக்கு வருவார்கள், துண்டு கிடக்கிற இடத்தைப் பார்ப்பார்கள், அங்கே ஆள் இருப்பதுபோல அப்படியே நகர்ந்துபோவார்கள். முறுக்கு விற்கிறவன் துண்டைத் தாண்டாமல், ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனான். நானும் ஆட்ட மும்முரத்தில் இதையெல்லாம் யோசிக்கவில்லை. கடைசி நிமிஷங்களில் எங்கள் டீம் கோல் போட்டது. தொண்டை கிழியக் கத்தினேன். பிறகு இடது பக்கம் குனிந்து, "நின்னுச்சு மாமே, எய்ந்திரு" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அங்கே வெறும் துண்டு கிடப்பது தெரிந்தது. பதில் சொன்னேனே, கேள்வி கேட்டவன் யார் என்று யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கியபோது தெரு ஆட்கள் எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள். தொழிற்சாலைக்குப் பக்கத்து ஸ்டேஷனான கொரட்டூரில் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டும்போது அவனை எக்ஸ்பிரஸ் அடித்துவிட்டது. ஆட்டம் ஆரம்பிப்பதற்கு வெகு நேரம் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போய், சந்தனக் கலர் சட்டையைப் பார்த்து, அவன்தான் என்று சொன்னேன். வீட்டுச் சட்டை இருந்த பையை எவன் தூக்கிக்கொண்டு போனானோ, அது கிடைக்கவே இல்லை.

அவன் மனைவி அழவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"காலைல நீலச் சட்டைல போனாருண்ணா. அவரு சட்டைய தோய்க்கிறவ நான். எனக்குத் தெரியாத ஒரு சட்டை அவருகிட்ட எப்படி இருக்கும்?"

நான் சட்டை விவகாரத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. முகத்தைக் காட்டாமல் மூட்டையாகக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து, இதுதான் உன் புருஷன் என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள். எரித்துவிட்டு வந்தோம். அன்று சாயங்காலமும் அவனுக்கும் சேர்த்து உலை வைத்தாள். கருமாதி அன்றைக்குத் தாலியில் கை வைக்க வந்த மாமியாரைக் கிட்டவே சேர்க்கவில்லை. தெரு அவளுக்குப் பைத்தியம் என்றது. எனக்குத் தெருவின் மேல்தான் கோபம் வந்தது. ஆனால் சோறு வடித்து, தட்டு வைத்து, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு அவள் காத்திருப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. இப்படியே போனால் அவளும் இருக்க மாட்டாள் என்று பயந்தேன்.

அந்த மேட்சை டி.வி.யில் காட்டப் போவதாகச் செய்தி வந்ததும் அவளே என்னிடம் வந்தாள்.

"ரயில் அடிச்சது மேட்சுக்கு முன்னாடின்றீங்க. அந்தப் படத்துல அவரு இல்லன்னா, நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன். இருந்தா, இனிமே யாரும் என் ஊட்டு வாசல மிதிக்கக் கூடாது."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான், வெறும் துண்டுதான் கிடந்தது. படம் அதைத்தானே காட்டும்.

தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தில் ஒரு டி.வி. இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளை அழைத்துப் போனேன். அறை நிறைய ஆள். படம் முழுக்கப் புள்ளி. மாடியில் ஒருத்தன் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டபடி இருந்தான். அவள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தாள். அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆட்டக்காரர்களுக்குப் பின்னால், புகைபோலத் தெரிந்த ஜனங்களில் கண்ணை நட்டு வைத்திருந்தாள்.

கோல் விழுந்தது. கேமரா கேலரிப் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்துப் படம் துல்லியமாகிவிட்டது. கொடிக்கம்பம் தெரிந்தது. கேலரி மொத்தமும் எழுந்து நிற்கிறது. கையைத் தூக்கிக்கொண்டு நான் நிற்கிறேன். எனக்கு இடது பக்கம், நெருக்கியடித்து நிற்கிற அத்தனை கூட்டத்தின் நடுவில், ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு பள்ளம்.

"பாரும்மா, காலியா இருக்குது" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காலி இடம் அப்படித்தான் இருக்கும். அவன் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தானே இருக்கும். எத்தனை வருஷம் அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் நின்று கத்தியிருக்கிறேன். திரையில் நான் இடது பக்கம் குனிந்தேன். என் வாய் அசைந்தது. அங்கே யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாரும் எய்ந்துட்டாங்க. அவருதான் எய்ந்துக்கல" என்றாள்.

அதிலிருந்து மாசக்கணக்கில் அவள் வீட்டில் இரண்டு பேருக்குச் சோறு வெந்தது. மாமியார் வாசலோடு திரும்பிப் போனாள். அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். நானும் தனியாக மேட்சுக்குப் போக பயந்து, டீம் பேச்சையே விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் லீக் ஆரம்பித்தபோது அவளே வந்து கூப்பிட்டாள். "அவரு பக்கத்துல ஒரு வாட்டி குந்திப் பாக்கணும்ண்ணா. எப்பவும் கேட்டுக்கினே இருந்தேன், இட்டுகினு போவல." சரி என்றேன்.

கொடிக்கம்பத்துக்கு மேலே போய், துண்டைப் போட்டேன். அதற்கு வலது பக்கம் நான், இடது பக்கம் அவள். பெண்பிள்ளை வந்திருக்கிறாள் என்று பலர் திரும்பிப் பார்த்தார்கள். அன்றும் நல்ல கூட்டம், அன்றும் துண்டு கிடந்த இடத்தை ஒருத்தனும் கேட்கவில்லை. அவள் துண்டின் ஓரத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பாமல் ஆட்டத்தைப் பார்க்கப் பாடுபட்டேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் டீம் பந்தை வலைக்குள் தள்ளியது. கேலரி எழுந்தது. பழக்கதோஷம், நானும் எழுந்துவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தின் காலுக்கடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னாண்ணா, கோலு நின்னுச்சா?"

மைதானத்தைப் பார்த்தேன். ஓரத்தில் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விசில் ஊதிவிட்டார்கள்.

"இல்லம்மா. ஆஃப்சைடு குடுத்துட்டான்."

ஜனங்கள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்கள். அவள் துண்டைப் பார்த்தாள். அப்புறம் வீட்டில் பேசுகிற குரலில், அந்த இடத்தைப் பார்த்து, "ஏன் எய்ந்தீங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அத்தனை மாசம் வராத அழுகை. யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல், மார்பில் கை வைத்துக்கொண்டு அழுதாள். ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துண்டை எடுத்து உதறி மடித்து என் கையில் கொடுத்தாள்.

"போலாம்ண்ணா. நாளைக்கு என் மாமியார வரச் சொல்லுங்க."

ஆட்டம் முடிவதற்கு முன்னால் நான் ஸ்டேடியத்தை விட்டுக் கிளம்பியது அன்று ஒரு நாள்தான். படி இறங்கி, கொடிக்கம்பத்துக்கருகே நின்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் இடத்தில், துண்டு கிடந்த இடத்திலும் சேர்த்து, அதற்குள் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.