மஞ்சு அக்கா கொடுத்த செருப்பு

மஞ்சு அக்காவின் தம்பி போன் செய்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "அக்கா பூட்சிம்மா" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "திரும்ப வந்துட்ச்சா?" என்பதுதான்.

"அதெல்லாம் இல்ல. ரத்தம் சுத்தமா கீதுன்னாங்க. ஹார்ட்டு வேல செய்லயாம்."

பாத்திரத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றேன்.

திருநின்றவூரில் அக்கா வீட்டுத் துக்கத்துக்கு வந்த பலர், புற்றுநோய் திரும்பிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அவரோடு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தவர்களும், அம்பத்தூர் கம்பெனியில் அவரோடு பேக்கிங்கில் இருந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். அது திரும்பவில்லை.

ரத்தப் புற்றுநோயால் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். சிகிச்சை முடிந்து பரிசோதனைக்குப் போன ஒரு நாள், என் பெயரைக் கூப்பிட்டும் எழுந்திருக்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னா, வாயில கொயக்கட்ட வச்சினுகீறியா?" என்று கேட்டு, நர்ஸிடம் எனக்காக அவரே பேசினார். அவர்தான் மஞ்சு அக்கா. பள்ளிக்கூடம் போகிற வயதில் அதே நோய் வந்து பிழைத்தவர்.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் கைகால்களில் நீலத் திட்டு இருக்கிறதா என்று பார்ப்போம். நோய் வந்தபோது முதலில் தெரிந்தது அதுதான். அக்கா வேலைக்கு ரயில் ஏறியதும் எனக்குக் குரல் செய்தி அனுப்புவார். "நீலம் இல்ல. உனுக்கு?" நானும் இல்லை என்பேன். அன்றைய பொழுதுக்கு அது போதும்.

போன ஆடியில் ஆவடியில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். மாடி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். புதிதாக வாங்கிய செருப்பைக் கழற்றி என்னிடம் தள்ளினார்.

"வார் கடிக்குது, நீயே போட்டுக்க. கொயுப்பு ஏறிட்ச்சி எனுக்கு, காலு குண்டாவுது."

"டாக்டராண்ட காட்னியா?" என்றாள் அம்மா.

"எதுக்குக்கா? நீலம் கீதா பாரு."

புடவையைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். மூவரும் குனிந்து பார்த்தோம். நீலம் இல்லை. கொலுசு அழுந்திய இடம் பள்ளமாக இருந்தது. அதையும்தான் பார்த்தோம். பிறகு டீ குடித்தோம்.

டாக்டர் சொன்னதைக் காரியத்தன்று தம்பி சொன்னார். எங்களுக்கு ஏற்றிய சிவப்பு மருந்து, சிலருக்குப் பல வருடம் கழித்து இதயத்தைத் தளர்த்திவிடுமாம். கால் வீக்கமும், படியில் மூச்சு வாங்குவதும் அதன் அடையாளமாம். வருடா வருடம் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். "பொயச்சாச்சி, இன்னும் இன்னா ஆஸ்பத்திரி" என்று அக்கா நிறுத்திவிட்டார்.

அதே மருந்து எனக்கும் ஏறியிருக்கிறது. ரோஸ்மில்க் எசன்ஸ் நிறத்தில் தலைக்கு மேல் தொங்கியது நினைவிருக்கிறது. இப்போது மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது. பயத்தில் அடிக்கிறதா, வேறு எதனாலாவதா என்று எனக்குத் தெரியவில்லை. எக்கோவுக்கு நாள் கேட்டிருக்கிறேன். கவுண்டரில் நானே வாயைத் திறந்து கேட்டேன். அந்த வரிசையில் இருந்தவர்களே, நீங்களும் கேளுங்கள்.

அக்காவின் செருப்பு என்னிடம் இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் பெரிது. தினமும் காலையில் அதை மாட்டிக்கொண்டு, வாருக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்க்கிறேன்.

இன்று விரல் நுழைந்தது.