எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது

"நல்லா பேசிட்டிருந்த மனுஷர் எப்படி ஒரேயடியா வாயை மூடிக்குவார்?" எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் நின்று லிப்ட்காரரின் மருமகள் என்னிடம் இப்படிக் கேட்டாள். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு நடந்ததைத் தெரிந்துகொண்டேன்.

அவர் ஆறு மாடி அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் லிப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் "மேலயா, கீழயா?" என்று கேட்டவர். எட்டுப் பேருக்கு மேல் ஏறினால் மணி அடிக்கும். அடித்தால் கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும், மேலாளரே ஆனாலும். "மணி அடிச்சா பேச்சு கிடையாது சார்" என்பார்.

தானாக ஓடும் லிப்ட் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே மனைவி போய்விட்டார். மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பினால், பகல் முழுக்க ஜன்னலோர நாற்காலிதான் கதி. மாத்திரை போட்டும் தூக்கம் இல்லை. தட்டில் வைத்தது வைத்தபடியே இருக்கும். கேட்டால் ஒரு தலையாட்டல்.

மனைவி வளர்த்த புதினா, விளிம்பு உடைந்த பெயிண்ட் வாளியில் சமையலறை ஜன்னலில் காய்ந்து கிடந்தது. "மாமா, அதைக் கொஞ்சம் தூக்கிப் போட்டுடுங்களேன்" என்றாள் மருமகள். குப்பைத்தொட்டி கீழே இருந்தது. அவர் கால்கள் மேலே ஏறின. மொட்டைமாடியில் வாளியை வைத்து, போட மனம் வராமல், ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். மறுநாளும் ஊற்றினார். ஐந்தாம் நாள் தண்டின் அடியில் கடுகளவு பச்சை தெரிந்தது. குனிந்து கேட்டார்: "மேலயா, கீழயா?"

பல மாதங்களுக்குப் பிறகு அவராக வாய் திறந்தது அன்றுதான்.

புதினாவுக்குத் துணையாக மிளகாய் வந்தது, தக்காளி வந்தது, கத்தரி வந்தது. எட்டு வாளிகளோடு நிறுத்திவிட்டார். மகன் ஆசையாக ஒரு ரோஜாக் கன்று வாங்கி வந்தபோது, "ஆள் நிறைஞ்சிடுச்சுப்பா, அடுத்த தடவை வரச் சொல்லு" என்றார். வீடே சிரித்தது. மாத்திரை டப்பாவில் தூசி படிந்தது. மதியம் பசிக்கிறது என்று அவரே தட்டை எடுத்து வைத்தார்.

மொட்டைமாடிக்கு நேர் கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா தனியாக இருந்தார். துணி காயப்போட வரும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார்.

"என்ன லிப்ட்காரரே, இன்னிக்கு எல்லாரும் ஏறியாச்சா?"

"கத்தரிதான் ஏறவா இறங்கவான்னு நடுவுல நிக்குதும்மா."

"உங்களை மாதிரியே ஒண்ணு."

ஒருநாள் அந்த அம்மாவின் கட்டிலுக்கு மேலே கூரை ஊறிச் சொட்டியது. குடியிருப்புச் சங்கத்தில் சொன்னார், யார் மீதும் குற்றம் சொல்லாமல். செயலாளர் மாடிக்கு வந்து வாளிகளைப் பார்த்தார். வேறெதையும் பார்க்கவில்லை.

"தினமும் தண்ணி ஊத்தினா தளம் என்னத்துக்கு ஆகும்? எல்லாத்தையும் எடுத்துடுங்க பெரியவரே."

லிப்ட்காரர் எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மகன் சண்டைக்கே தயாராக நின்றான். அவரோ முப்பத்தோரு வருடச் சட்டத்தைத் தனக்கே போட்டுக்கொண்டார்.

"மணி அடிச்சாச்சு. கடைசியா ஏறினவன் நான். இறங்கிடறேன்."

வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கேட்டவர்களுக்குக் கொடுத்தார். புதினாவை டைப்பிஸ்ட் அம்மா வாங்கிக்கொண்டார். அதன்பின் அவர் மாடிப்படி ஏறவில்லை. பழைய நாற்காலி, பழைய மாத்திரை. சவரம் நின்றது. பேச்சு நாளுக்கு நாள் தேய்ந்தது. ஒரு மாலை அலுவலகப் பையோடு உள்ளே வந்த மகனை நிமிர்ந்து பார்த்து, "எந்த மாடி சார்?" என்று கேட்டார். மகன் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான்.

நான்கு மாதம் ஆகியும் கூரைச் சொட்டு நிற்கவில்லை. குழாய் வேலை செய்பவர் வந்து தேடியதில், தண்ணீர்த் தொட்டிக் குழாயின் இணைப்பில் விரிசல் என்று தெரிந்தது. எட்டு வாளிகளும் ஒரு சொட்டுக்கூடக் கீழே விட்டதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

டைப்பிஸ்ட் அம்மா புதினா வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது.

"உங்க செடி மேல தப்பே இல்லை லிப்ட்காரரே. நான் வாயைத் திறக்காம இருந்திருக்கணும். வாங்க, மேல போலாம்."

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. அம்மா அவர் பாணியிலேயே கேட்டுப் பார்த்தார். "மேலயா, கீழயா?"

அவர் கை மெல்ல நீண்டு வாளி மண்ணைத் தொட்டது. "தண்ணி பத்தல" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஆள் நிறைஞ்சிடுச்சும்மா. நீங்க போங்க."

அதுதான் அவர் கோர்வையாகப் பேசிய கடைசிப் பேச்சு. இப்போது யாராவது வீட்டுக்குள் வந்தால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழி விடுகிறார், அவ்வளவுதான். மொட்டைமாடியில் அந்தப் புதினா வாளி மட்டும் திரும்ப வந்திருக்கிறது. டைப்பிஸ்ட் அம்மா தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். மற்ற ஏழு இடங்களில் வட்ட வட்டமாகத் தடம் மட்டும் இருக்கிறது.

உங்கள் மாடியிலும் யாரோ ஒரு பெரியவர் ஒரு வாளி வைத்திருக்கலாம். எடுக்கச் சொல்லும் முன் தொட்டிக் குழாயை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தக் கதையை உங்கள் மேல்வீட்டுக்கும் சொல்லுங்கள், கீழ்வீட்டுக்கும் சொல்லுங்கள்.